பொட்டுக்குப் போட்ட அலம்பல்

அலம்பல் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு. முள்ளுக்கும் எங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பல்கனியில் ஒரே ஒரு மணி பிளாண்ட் நின்றது, அதுவும் பாதி வாடி.

அப்போது எனக்கு எட்டு வயது. எதிர்க் கதவு பெரியம்மா வீடு. அம்மாவின் கூடப்பிறந்த அக்கா அவர், பிள்ளைகள் இல்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவதால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் நேரே பெரியம்மாவின் குசினிக்குள் போய்விடுவேன். சாப்பாடு, வீட்டுப்பாடம், குட்டித் தூக்கம் எல்லாம் அங்கேதான். அம்மா கொள்ளுப்பிட்டியில் கந்தோர் முடிந்து, பஸ்ஸில் நசிந்து வந்து, என்னை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒருநாள் அம்மாவிடமே கேட்டேன்: "நான் இனிப் பெரியம்மாவோடயே இருக்கப்போறன். என்ர உடுப்புகளை அங்க கொண்டுபோவமா?" அம்மா சிரித்தார். ஆனால் அன்றைக்குத் தலை பின்னும்போது உயிர் போகிற மாதிரி இழுத்துப் பின்னினார்.

அந்தக் கிழமை அப்பா யாழ்ப்பாணம் போயிருந்தார், அம்மாவின் சீதன வீட்டுக் கூரையைத் திருத்த. பக்கத்து வளவு பெரியம்மாவின் சீதனம், அதை வாடகைக்கு விட்டிருந்தார். இரண்டுக்கும் நடுவே தென்னோலை பின்னிக் கட்டிய கிடுகு வேலி. அக்காவும் தங்கையும் ரோட்டைச் சுற்றாமல் போய்வரட்டும் என்று வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி விட்டிருந்தார்கள். அதற்குப் பொட்டு என்று பெயர். அப்பா கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவர். மதிலும் கேற்றும் தெரியும், பொட்டு கிட்டு எதுவும் தெரியாது.

அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்ததால் போன் ஸ்பீக்கரில் கிடந்தது. வாடகைக்கு இருப்பவர்களின் ஆடு பொட்டுக்குள்ளால் வந்து, நட்ட வாழைக்குட்டி அத்தனையையும் தின்றுவிட்டதாம். "என்ன செய்ய, சொல்லு" என்றார் அப்பா.

அம்மாவின் கத்தி நின்றது.

"அலம்பல் போடச் சொல்லுங்கோ."

"அலம்பல் எண்டா?"

"முள்ளுக் கொப்புகள்தான். கூரை வேலைக்கு வந்த ஆளிட்டச் சொல்லுங்கோ, அவருக்குத் தெரியும்."

நான் விட்டுவிடுகிற ஆளா? போனை வைத்ததும் துளைத்தெடுத்தேன். இலந்தை, காரை மாதிரி முள்ளுப் பற்றைகளை வெட்டி, காயவிட்டு, வேலி ஓட்டைகளை அடைப்பார்களாம். தோட்டத்தைச் சுற்றியும் அடுக்குவார்களாம். ஆடு மாடு உள்ளே வராதாம். சரி, நல்ல சாமான்தான் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலை எழும்பி ஓடினால் பெரியம்மாவின் கதவு பூட்டியிருந்தது. அந்தக் கதவைப் பகலில் பூட்டி நான் பார்த்ததே இல்லை. தட்டினேன். பெரியம்மா பாதி திறந்தார், கண் சிவந்திருந்தது.

"பொட்டுக்கு அலம்பல் போட்டாச்சாம். வாடகைக்கு இருக்கிற பிள்ளை போன் எடுத்துச் சொன்னவ. நீ உன்ர வீட்டை போ, குஞ்சு."

எனக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. எங்கேயோ ஒரு ஓட்டையை அடைத்தால் இங்கே ஏன் கதவைப் பூட்ட வேண்டும்? வாழை தின்ற ஆடே அழுதிருக்காது. ஓடிப்போய் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா வரட்டும், அவரைக் கேள்" என்று சொல்லிவிட்டு, கழுவிய கோப்பைகளையே திரும்பவும் கழுவினார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இனி அந்தக் கதவு திறக்காதோ, பெரியம்மா எனக்கு இல்லையோ என்று கட்டிலில் விழுந்து அழுதேன்.

அடுத்த நாள் அப்பா றெயினால் வந்து இறங்கினார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் எல்லாம் சொன்னேன். அப்பா அம்மாவை ஒருதரம் பார்த்தார். பிறகு பையை வைத்த கையோடு என்னையும் பிடித்துக்கொண்டு எதிர்க் கதவைத் தட்டினார்.

"ஆடு வந்தது அக்கா. அதுக்குத்தான் அடைச்சனான். வேற ஒண்டுமில்ல."

"ஆட்டுக்கு எண்டா ஒரு படலை கட்டுறது தம்பி. திறந்து பூட்டலாம். பொட்டுக்கு அலம்பல் ஆக்களுக்குத்தான் போடுறது. இனி வராதை எண்டு அர்த்தம். எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்."

"கொட்டாஞ்சேனையில நான் எங்க அக்கா வேலி கண்டன்? என்ர பிழைதான். இப்பவே எடுக்கச் சொல்லுறன்."

எனக்கு வாய் துறுதுறுத்தது. "அம்மாதானே…" என்று தொடங்க, அப்பா என் விரல்களை நெரித்தார். நோவில் வாயை மூடிக்கொண்டேன். பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலால் எங்கள் கதவைப் பார்த்தார். அங்கே அம்மா பாதி மறைந்து, என்னையே பார்த்தபடி நின்றார். பெரியம்மாவின் கோபம் அப்படியே வடிந்துவிட்டது. "சரி தம்பி, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

அலம்பலை எடுத்தாயிற்று என்று அன்று பின்னேரமே போன் வந்தது. கதவும் பழையபடி திறந்தது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆனால் திங்கட்கிழமை, அம்மா வருகிற நேரம் நெருங்கியதும் பெரியம்மா என் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, தோளைப் பிடித்து வெளியே திருப்பினார்.

"போய் உங்கட வாசல்ல நில்லு. அம்மா வந்தா முதல் உன்னைக் காணட்டும்."

மாட்டேன் என்று காலை உதைத்து அழுதேன். அலம்பலைத்தான் எடுத்தாயிற்றே, பிறகும் ஏன் துரத்துகிறார் என்று பெரியம்மா மேல் அப்படியொரு கோபம். லிப்ட் திறந்தது. அம்மா என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். பிறகு கைப்பையோடு நடையிலேயே குந்தி, என்னைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினார். இவர் ஏன் அழுகிறார் என்று கேட்கலாம் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பெரியம்மா தன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டிருந்தார்.