அண்ணனுக்கு எடுத்த அழைப்பு

நீண்ட கண்ணாடிக் கழுத்தும் சிவப்புத் துணி சுற்றிய குழாயுமாக புகை இழுக்கும் அந்த ஹுக்காவைப் பணியாளர் மேசை நடுவில் வைத்தபோது, எனக்கு முதலில் நினைவில் வந்தது அண்ணனின் முகம்தான். சற்று முன்புதான் தன் ஓட்டோவில் என்னை அந்த வாவிக்கரை உணவகத்தின் வாசலில் இறக்கிவிட்டுப் போயிருந்தார். அப்பா இறந்த பிறகு எங்கள் வீட்டில் சட்டம் அவருடையது. சிகரெட்டோடு வருகிறவரை ஓட்டோவில்கூட ஏற்றமாட்டார்.

அன்று என்னோடு வேலை செய்த தோழியின் பிறந்தநாள். மாங்கேணிக்காரி, நாவற்குடாவில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். என்னையும் இன்னொருத்தியையும் சாப்பிடத்தான் அழைத்திருந்தாள். ஹுக்கா எங்களுக்குச் சொல்லாமல் அவள் ஏற்பாடு செய்தது.

"ஒருக்கா இழுத்துப் பாருகா. அப்பிள் வாசம்தான், வேற ஒண்டுமில்ல."

இழுத்தேன். நாக்கில் இனிப்பு, நெஞ்சில் எரிவு. இருமி இருமிக் கண்ணீர் வந்தது, இருவரும் சிரித்தார்கள். அடுத்த முறை குழாயை உதட்டில் வைத்து இழுப்பதுபோல் பாவனை செய்தேன். தெரிந்தவர்கள் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சிறிய அறையொன்றை எடுத்திருந்தோம். வெளியே மழை என்பதால் யன்னல்களும் பூட்டியிருந்தன. அப்படியிருந்தும் என் கண் கதவிலேயே இருந்தது. தலைமுடியில் ஏறிய வாசத்தை அண்ணன் வருவதற்குள் எப்படிப் போக்குவது என்பதே என் யோசனை.

மெல்லத் தலை வலிக்கத் தொடங்கியது. பயத்தால் வந்த வலியென்று நினைத்தேன். அப்போதுதான் தோழி, "தல சுத்துதுடி" என்று எழுந்தாள். எழுந்தவள் கதிரையோடு சரிந்தாள். கன்னத்தில் தட்டியும் கண் திறக்கவில்லை. உணவகப் பணியாளர் ஓடிவந்து யன்னல்களைத் திறந்து, முகத்தில் தண்ணீர் தெளித்தார். "சும்மா மயக்கம்தான் மிஸ், எழும்பிடுவா" என்றார். மற்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "ஒருத்தருக்கும் சொல்லாதடி. எங்கட வீட்ட தெரிஞ்சா நான் துலைஞ்சன்."

கைப்பேசியில் அண்ணனின் பெயரைத் தேடி எடுத்தேன். விரல் அதன் மேலேயே நின்றது. தோழியின் உதடுகளைப் பார்த்தேன், அசையவில்லை. அழுத்திவிட்டேன்.

"அண்ணா, கெதியா வாங்க. இவள் விழுந்திட்டாள்."

"அங்கேயே நில்லு. வாறன்."

நனைந்தபடி வந்தார். ஹுக்காவைப் பார்த்தார், அதன் தலையில் கரித்துண்டுகள் இன்னும் சிவந்திருந்தன. என்னைப் பார்த்தார். "கால் பக்கம் பிடி" என்றார். அவ்வளவுதான். கல்லடிப் பாலத்தில் ஓட்டோ பறந்தது. என் மடியில் கிடந்த தோழி பாலத்தின் நடுவில் முனகி, என் சட்டையெல்லாம் வாந்தியெடுத்தாள். அது அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் டொக்டர் என்ன நடந்ததென்று கேட்டார். அண்ணன் பக்கத்தில் நிற்க, சாப்பிட்டுக்கொண்டிருந்தோம் என்று மட்டும் சொன்னேன்.

"மறைக்காமச் சொல்லு புள்ள. அவளுக்கு வைத்தியம் பாக்க வேணும்" என்றார் அண்ணன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பூட்டிய அறையில் கரிப்புகை இரத்தத்தில் ஏறியிருக்கிறது, நேரத்தோடு கொண்டுவந்தது நல்லது என்று சொல்லி, டொக்டர் அவளுக்கு ஒட்சிசன் வைத்தார். எனக்கும் மற்றவளுக்கும் கொஞ்ச நேரம் வைத்தார்கள்.

வீட்டு வாசலில் அம்மா காத்திருந்தார். "மழையம்மா. ஓட்டோ இடையில நிண்டுபோச்சு" என்றார் அண்ணன். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அடுத்த வாரமும் இல்லை. அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போதெல்லாம் இதோ ஏசப்போகிறார் என்று நினைத்தேன். வருடங்கள் போயின, தோழி இப்போது வாழைச்சேனையில் குடும்பமாக இருக்கிறாள். இன்னும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். போன மாதம், ஓட்டோ கழுவிக்கொண்டு நின்றவரிடம் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"அண்டைக்கு ஏன் அண்ணா என்னை ஏசல்ல?"

அவர் நிமிரவில்லை. "ஏசியிருந்தா அடுத்த தரம் எனக்குப் போன்ல கோல் எடுக்கமாட்டாய்."

அடுத்த தரம் ஒன்று வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஓட்டோவின் முன் சில்லில் ஊற்றிவிட்டு, சவாரிக்குப் புறப்பட்டுப் போனார்.