பூட்டிய அறையைப் பார்த்ததாகச் சொன்னேன்

பார்க்காத அறையைப் பார்த்ததாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒரு பெண் செத்துப்போனாள்.

இதுதான் என் குற்றம். இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை... உங்களிடம் சொல்கிறேன்.

நான் காரைக்குடியில் மரவேலை செய்யும் ஆசாரி. பழைய வீடு வாங்குகிறவர்கள் பேச்சை முடிப்பதற்கு முன் என்னைக் கூட்டிப்போவார்கள். உத்தரம், நிலை, கதவு எல்லாவற்றையும் கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பேன். உள்ளே கரையான் தின்றிருந்தால் சத்தம் செத்துக் கேட்கும். 'ஆசாரி தட்டிச் சொன்னால் சரி' என்று ஊருக்குள் ஒரு பேர். அந்தப் பேர் எனக்குத் தலைக்கேறியிருந்தது... நன்றாகவே ஏறியிருந்தது!

அறுபதுகளின் கடைசியில் கதீஜாம்மா என்னைத் தேடி வந்தாள். புருஷன் பினாங்கில் ஒரு கடையில் வேலை. இங்கே இவளும் ஒரே மகள் ஜமீலாவும் வாடகை வீடு மாறி மாறி அலுத்துப்போயிருந்தார்கள். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்ப்பதாவது சொந்தக் கூரைக்குக் கீழே நடக்க வேண்டும் என்பது அவள் ஆசை. சென்னைக்குக் குடிபோய்விட்ட ஒரு செட்டியார் குடும்பத்தின் வீடு விலைக்கு வந்திருந்தது. வீட்டைக் காட்ட மூத்தவரின் மனைவி ஆச்சி வந்திருந்தார்கள்.

முகப்பிலிருந்து தட்டிக்கொண்டே போனேன். எல்லாம் கணீர் கணீர் என்றன. "பர்மாத் தேக்காச்சே! கரையான் வாய் வைக்குமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். ஆச்சி சிரித்தார்கள். மோர் வந்தது. நானும் குளிர்ந்துபோனேன்.

பின்கட்டில் மூலை அறை மட்டும் பூட்டியிருந்தது. அதன் நிலைக்காலடியில் ஒரு மண்கோடு... விரல் தடிமன். தொட்டுப் பார்த்தேன். ஈரம்! உள்ளே கரையான் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

"ஆச்சி, இதைக் கொஞ்சம் தெறந்து காட்டுங்க."

"அது படைப்பு அறையாச்சே ஆசாரியாரே! பங்காளிக எல்லாரும் கூடுனாத்தானே தெறப்போம். ஒங்களுக்குத் தெரியாததா? கைமாத்துறதுக்கு முன்னால படைப்புச் சேலை வச்ச பேழையை எடுத்துக்கிட்டுப் போயிருவோம்."

தெரியும். முன்னோருக்குச் சேலையும் சோறும் வைத்துப் படைக்கிற அறை. அந்நியக் கால் படக்கூடாது. அது அவர்கள் வழக்கம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 'அப்படியானால் இந்த அறைக்கு நான் பொறுப்பில்லை' என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாமே! ஏன் சொல்லவில்லை? இவ்வளவு நேரம் அளந்துவிட்டு, கடைசியில் எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? 'ஒங்களுக்குத் தெரியாததா' என்று ஆச்சி வேறு கேட்டுவிட்டார்களே!

குதிகாலால் அந்த மண்ணைத் தேய்த்துவிட்டேன்.

முற்றத்தில் கதீஜாம்மா நின்றிருந்தாள். "அண்ணே, அங்குட்டு மூலை அறையையும் பார்த்தீகளா? செல்லு கில்லு அரிக்கலயே?"

"பார்த்தாச்சு தங்கச்சி. கண்ண மூடிக்கிட்டு வாங்கலாம்."

அப்படியே வாங்கினாள்.

ஆச்சி வீட்டார் பேழையை எடுத்துக்கொண்டு, அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உத்தரத்துக்கும் சேர்த்து அடித்திருந்தார்கள். பார்வைக்குப் பளிச்சென்று இருந்ததாம். நான் போய்ப் பார்க்கவில்லை.

கல்யாணமாகிப் போயிருந்த ஜமீலா மறுவருஷம் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். ஆண்பிள்ளை. காற்று அடிக்காத இடம் என்று தாயையும் பிள்ளையையும் அந்த மூலை அறையில்தான் படுக்கவைத்தார்கள். தொட்டிலுக்குக் கொக்கி அடிக்க வேண்டும், அண்ணன் வந்துவிட்டுப் போகட்டும் என்று கதீஜாம்மா ஆள் அனுப்பினாள்.

அன்று எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும், "வேலை கெடக்கு. உத்தரத்துலயே கயித்தப் போட்டுக் கட்டிக்கிறச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினேன்.

ஏன் போகவில்லை என்று கேட்கிறீர்களா? பயம். போனால் தட்டிப் பார்க்க வேண்டியிருக்குமே! நான் மறக்கவில்லை... அந்த ஈர மண்ணை ஒரு நாளும் மறக்கவில்லை. அதுதான் என் குற்றத்தைப் பெரிதாக்குகிறது.

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தது. ஐந்தாம் நாள் நடுப்பகலில் உத்தரம் விழுந்தது. பிள்ளையைக் கதீஜாம்மா அடுப்படியில் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். காலித் தொட்டிலுக்குக் கீழே ஜமீலா கண்ணயர்ந்திருந்தாள்...

கூட்டத்தோடு நானும் ஓடினேன். முறிந்த மரம் குறுக்கே கிடந்தது. தேக்கே இல்லை! எப்போதோ ஒழுகியபோது மாற்றிய மட்ட மரம். பிட்டால் புட்டு மாதிரி உதிர்ந்தது. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஊர் என்ன சொன்னது தெரியுமா? 'அடுத்தவர் தெய்வம் இருந்த அறையில் பிள்ளைப்பேறு பார்த்தால் அது சும்மா விடுமா?' கதீஜாம்மாவின் சொந்தக்காரர்களே சிலர் அதைச் சொன்னார்கள். எனக்கு எவ்வளவு தோதான பேச்சு! நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்!

இரண்டு மாதம் கழித்துப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதீஜாம்மா என் பட்டறைக்கு வந்தாள்.

"அண்ணே, நீங்க பார்த்துத்தான் சொன்னீக. ஒங்க மேல ஒரு குத்தமும் இல்ல. அவுக சாமி இருந்த எடம்னு தெரிஞ்சும் பிள்ளை பெத்தவள அங்க கொண்டுபோய்ப் படுக்க வச்சேனே... நான்தானே அவளக் கொன்னுட்டேன்?"

அவள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். உளியைக் கீழே வைக்காமலே சொன்னேன்: "எல்லாம் விதி தங்கச்சி."

இல்லை என்றுகூடச் சொல்லவில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் மனிதனா?

வீட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு அவள் நாச்சியாபுரத்தில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. அம்மா எப்படிச் செத்தாள் என்று அவன் கேட்கும்போதெல்லாம், "நான்தான்டா காரணம்" என்கிறாளாம். அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார்.

மூன்று முறை பஸ் ஏறினேன். மூன்று முறையும் பாதிவழியில் குன்றக்குடியில் இறங்கி, காபி குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். நான் வாய் திறந்தால் அவள் பாரம் இறங்கும். என் பேர் போகும். அறுபது வயதில் பேரைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது என்று தோன்றிவிடுகிறது... அவளிடம் என்ன இருக்கிறது என்று தோன்றுவதில்லை!

உங்களுக்குக் கதீஜாம்மாவைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. நாச்சியாபுரத்தில் அவள் இன்றைக்கும் அந்தப் பிள்ளையிடம், தான்தான் கொன்றதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.