மஞ்சள் தண்ணீர் உறைந்த படிகள்

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பனிக்கட்டியில் வழுக்கி விழ முடியாது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன். வழுக்குவதற்கென்றே காசு கொடுத்து மலை ஏறுகிறவர்கள் ஏறட்டும். எங்கள் வீட்டில் பனிக்கட்டியை நாங்களே செய்தோம், அதுவும் மஞ்சள் நிறத்தில்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. மாசி என்ற புறநகரில் ஒரு மேட்டின் மேல் வாடகை வீட்டில் இருந்தோம். முன்கதவைத் திறந்தால் ஆறு சீமெந்துப் படிகள், அதற்குக் கீழே தெருவரைக்கும் சாய்ந்து இறங்கும் ட்ரைவ்வே. அம்மா ஹென்டர்சனில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்தார். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆஸ்பத்திரி வார்டுகளில் நேர்ஸாக நின்றவர். ஆனால் இங்கே நேர்ஸ் ஆவதென்றால் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டும், அதுவரை அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளவே கூடாது என்று வீட்டில் அடிக்கடி பேசிக்கொள்வார்கள். இரண்டு வருடமாக எங்கள் சாப்பாட்டு மேசையின் பாதி அந்தப் பரீட்சைக்குச் சொந்தமாக இருந்தது. நான் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துச் சாப்பிடப் பழகிவிட்டேன்.

பரீட்சை பாலத்துக்கு அப்பால் ஆல்பனியில், குளிர்கால விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் விடியமுதல் படிகளைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிக்க வேண்டும். எப்போதும் அதை அம்மாதான் செய்வார். அன்று அப்பாவுக்குத் திடீரென்று பக்தி பொங்கிவிட்டது. பரீட்சைக்குப் போகிறவர் ஏன் குளிர்தண்ணீரில் கை வைக்க வேண்டும் என்று ஐந்து மணிக்கே எழும்பி, தானே வாளியும் கையுமாக இறங்கினார். தெளித்தது போதாதென்று மிச்சத்தையும் ஊற்றியிருக்கிறார். அந்த வருடத்திலேயே மோசமான உறைபனி அன்று விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் கதவைத் திறந்தபோது ஆறு படியிலும் மஞ்சள் தண்ணீர் நெய் உறைந்த மாதிரிப் பளபளவென்று இருந்தது.

அம்மா விடிந்ததிலிருந்து நிலைகொள்ளாமல் இருந்தார். பையைத் திறந்து அடையாள அட்டையைப் பார்ப்பார், மூடுவார், மறுபடியும் திறப்பார். பொறுக்கமுடியாமல் அப்பா அந்தப் பையைப் பறித்துக்கொண்டு காரை ஸ்டார்ட் செய்ய முன்னே இறங்கினார். இரண்டாவது படியோடு கால் போய்விட்டது. பையை மட்டும் விடவில்லை. மற்றக் கையை ஊன்றிக் கீழே போய் விழுந்தார்.

“ஒண்டுமில்லை. நீங்கள் ரெண்டு பேரும் அங்கையே நில்லுங்கோ.”

அம்மா கதவடியில் நின்றபடி அவருடைய கையையே பார்த்தார். “விரலை ஒருக்கா அசையுங்கோ பாப்பம்,” என்றார். அப்பா அசைத்துக் காட்டினார். எனக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

எங்களைக் காப்பாற்றியது பக்கத்து வீட்டுக்காரி. குளிர் கூடிய தெற்குத் தீவில் பிறந்தவர், பஸ் ஓட்டுகிறவர். வேலைக்குப் புறப்பட்டு வெளியே வந்தவர், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தன் காலைத் தூக்கிக் காட்டினார். சப்பாத்துக்கு மேலே தடித்த கம்பளிக் காலுறை. அப்படிப் போட்டால் வழுக்காதாம். கையைப் பொக்கற்றுக்குள் வைக்காதே, அடியைச் சின்னதாக வை, பாதத்தை முழுதாகப் பதி, முன்காலில் பாரத்தைப் போடு, பென்குயின் மாதிரி நட என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே வகுப்பெடுத்தார். நான் ஓடிப்போய் அப்பாவின் காலுறைகளை அள்ளிக்கொண்டு வந்தேன். பரீட்சைக்கென்று பொலிஷ் போட்ட கறுப்புச் சப்பாத்தின் மேல் அவற்றை இழுத்து மாட்டி, என் கையையும் பிடித்துக்கொண்டு, அம்மா வாத்துப்போலத் தாரா நடை நடந்து இறங்கினார். அவர் நடந்த விதத்தைப் பிறகு பள்ளிக்கூடத்தில் பலருக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன்.

காரடியில் அப்பா சாவியை நீட்டினார். “நீர் ஓட்டும். எனக்குக் குளிரில விரல் விறைச்சுப் போச்சு.”

அம்மாவிடம் லைசன்ஸ் இருந்தது. ஆனால் ஹென்டர்சனுக்குப் போய் வருவதைத் தவிர வேறெங்கும் ஓட்டியதில்லை, மோட்டர்வே என்றாலே நடுக்கம். அன்று மறுபேச்சில்லாமல் சாவியை வாங்கினார். பிறகு தன் சால்வையை மூன்று மூலையாக மடித்து, அப்பாவின் கையை அதற்குள் எடுத்து வைத்துக் கழுத்தின் பக்கவாட்டில் முடிச்சுப் போட்டார். காலுறை ஒன்றைக் கழற்றிச் சுருட்டி அவருடைய உள்ளங்கைக்குள் வைத்தார்.

“குளிருக்கு நல்லாயிருக்கு,” என்றார் அப்பா.

“ஓம்,” என்றார் அம்மா.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கும்தான் குளிர்ந்தது. அதை இரண்டு தரம் இங்கிலிஷில் சொல்லியும் பார்த்தேன், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாலத்தைத் தாண்டும்வரை அப்பா ஓயாமல் பகிடி விட்டுக்கொண்டே வந்தார். கார் குலுங்கும்போது மட்டும் பாதியில் நிறுத்துவார்.

ஆல்பனியில் இறங்கியதும் அம்மா என் பக்கத்து யன்னலுக்குக் குனிந்தார். “அப்பான்ர கையில தொங்காதை. அவர் கையைக் கீழ இறக்காமப் பாத்துக்கொள்.” கட்டடத்தின் வாசல்வரை போனவர் நின்றார். திரும்பி எங்களை நோக்கி இரண்டடி வந்தார். அப்பா நல்ல கையை வெளியே நீட்டி, கோழி கலைப்பதுபோல விசுக்கினார். அம்மா திரும்பி உள்ளே போனார்.

மூன்று மணித்தியாலம். கடைகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தன. போவோம் என்று கேட்டேன், பேந்து பாப்பம் என்றார். பசிக்குது என்றேன், அதற்கும் பேந்து. காரை நானே எட்டுத் தரம் சுற்றி வந்தேன். ஏறினேன், இறங்கினேன், அவர் இருந்த சீட்டைப் பின்னால் இருந்து உதைத்தேன். அந்தக் குளிரில் யன்னலைத் திறந்துவிட்டு அப்பா வியர்த்துக்கொண்டிருந்தார். “உதையாதை பிள்ளை,” என்று மிக மெல்லமாகச் சொன்னார். அதட்டியிருந்தால் நிறுத்தியிருப்பேன். மெல்லச் சொன்னபடியால் இன்னும் இரண்டு உதை உதைத்தேன். அந்த இரண்டு உதையும் இன்றுவரை என்னை விடவில்லை.

அம்மா வெளியே வந்தபோது பரீட்சை எப்படி என்று நான் மட்டும்தான் கேட்டேன். “எழுதினன்,” என்றார். முதலில் சால்வையைத் தளர்த்தி, இரத்தம் ஓடுகிறதா என்று அப்பாவின் விரல் நகங்களை அமர்த்திப் பார்த்தார், அதன் பிறகுதான் காரை எடுத்தார். கார் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. எங்கே போகிறோம் என்று அப்பா கேட்கவும் இல்லை.

ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் இருந்த நேர்ஸ் அப்பாவைப் பார்த்தார். சால்வையின் முடிச்சையும் உள்ளங்கையில் இருந்த காலுறையையும் பார்த்தார். இதை யார் கட்டியது என்று கேட்டார். அப்பா நாடியால் அம்மாவைக் காட்டினார். நீங்கள் நேர்ஸா என்று அவர் கேட்டார்.

அம்மா “யெஸ்” என்றார். யோசிக்கக்கூட இல்லை.

நான் திடுக்கிட்டுப் போனேன். பரீட்சை முடிவு வருவதற்கே ஆறு கிழமை இருந்தது. எங்கள் வீட்டில் பொய் சொன்னால் இரண்டு நாளைக்கு டிவி கிடையாது. அம்மாவோ முகம் மாறாமல் நின்றார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு, அந்த வலியோடும், சிரித்தார்.

மணிக்கட்டில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் பிரித்த கிழமையில் முடிவும் வந்தது. அம்மா தேறவில்லை. ஆகவே அது பொய்தான் என்று எனக்கு உறுதியாயிற்று. யாருக்கும் சொல்லாமல் அந்தக் குற்றத்தை நான் ஒரு வருடம் சுமந்தேன். அடுத்த குளிர்காலத்தில் அம்மா மறுபடியும் எழுதித் தேறினார். வீட்டில் கேக் வெட்டினார்கள். இனி அவர் சொன்னது பொய்யில்லை என்று எனக்குப் பெரிய நிம்மதி. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே, மனதுக்குள், அம்மாவை நான் மன்னித்துவிட்டேன்.