தளத்தில் நின்ற பெரணிகள்

பேருந்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், அரசுத் தாவரவியல் தோட்டத்தின் மதிலுக்கு மேலே, புதிதாகக் கான்கிரீட் போட்ட ஒரு கட்டடத்தின் தளம் தெரியும். தளத்தின் ஓரம் நெடுகத் தாழ்வான கீற்றுப் பந்தல், பந்தலின் கீழே தொட்டித் தொட்டியாகப் பெரணிச் செடிகள். கட்டடத்துக்கு இன்னும் கதவு வைக்கவில்லை, ஜன்னல் வைக்கவில்லை, அடியில் முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளைக்கூடப் பிரிக்கவில்லை. அதற்குள் மொட்டைமாடியில் தோட்டம் வந்துவிட்டது. டவுன் பஸ்ஸின் கண்டக்டர் அந்த இடம் வரும்போதெல்லாம், "தொங்குதோட்டம்லாம் எறங்குபா" என்று குரல் கொடுப்பார். சனம் சிரிக்கும். நானும் அந்தப் பேருந்தில்தான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

எதையும் காலத்தோடு சேர்த்துச் சொல்லாவிட்டால் எனக்குச் சொன்னதுபோல் இருக்காது. நெருக்கடிநிலை முடிந்த பிறகு, எண்பது பிறப்பதற்கு முன்பு. ஆண்டில் சற்றுத் தடுமாறினாலும் மாதத்தில் சந்தேகமில்லை. தளம் போட்டது பங்குனியில். உத்திரத்துக்கு ஊருக்குப் போக வேண்டும் என்று கேட்ட சித்தாள்களை ஓவர்சியர் அனுப்ப மறுத்தது நினைவிருக்கிறது. செடிகள் மேலே ஏறியது சித்திரையில். அப்போது நுங்கு வந்துவிட்டிருந்தது. நுங்கைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் அங்கே கட்டட வேலைகளுக்கான எழுத்தர். சிமெண்ட் மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் எனக்கு ஒரு மேசை.

ஓவர்சியர் காஞ்சிபுரத்துக்காரர், பட்டு நெசவுக் குடும்பம். அண்ணன்மார் தறியில் இருந்தார்கள், அவர் மட்டும் படித்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். தோட்டத்தின் சீரமைப்பு வேலைகள் மொத்தமும் அவர் கையில் இருந்தன: மதில், நாற்றங்கால் கிணறு, நடைபாதைகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பெரணிகளுக்கான காட்சிக்கூடம். பழைய கூடம் மரச் சட்டங்களால் ஆனது, கறையான் தின்றுவிட்டது. அதை இடித்துவிட்டு, பக்கங்களில் கண்ணாடியும் மேலே கான்கிரீட் தளமுமாகப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம்.

அவர் கெட்டிக்காரர், அதில் யாருக்கும் மறுப்பில்லை. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவர் வேலை வாங்கும் விதம் வேறு. ஒருமுறை ஒரு கொத்தனார் எழுப்பிய சுவர் முதல் நாளே தூக்குக்குண்டுக்கு ஒத்துவரவில்லை. ஓவர்சியர் அதைப் பார்த்தார், பேசாமல் போய்விட்டார். சுவர் ஆளுயரம் தாண்டி வளரும்வரை தினமும் வந்து பார்த்தார். பிறகு எல்லா ஆட்களையும் கூப்பிட்டு நிற்க வைத்து, அந்தக் கொத்தனார் கையாலேயே அதை இடிக்க வைத்தார். முதல் நாளே சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டதற்கு, "மொத நாளே சொன்னா இன்னொரு தபா தப்பு பண்ணுவான். இப்ப பண்ணுவானா பாரு," என்றார். அந்தக் கொத்தனார் அதன் பிறகு ஒரு செங்கல்லை வைக்குமுன் மூன்று தடவை ஓவர்சியர் முகத்தைப் பார்ப்பார். வேலை சுத்தமாக நடந்தது.

ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியம் வைத்து, யார் அதில் உட்காரலாம், யார் உட்காரக் கூடாது என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டிவைத்த ஊர் இது. அந்தக் கல்வெட்டை நான் பலமுறை படித்திருக்கிறேன். அதில் பலவகைக் குற்றவாளிகள் விலக்கப்படுகிறார்கள். தெரிந்திருந்தும் சொல்லாமல் வேடிக்கை பார்ப்பவன் அந்த வகைகளில் இல்லை.

பெரணிகள் மாலியின் பொறுப்பில் இருந்தன. தோட்டக்காரரை அங்கே எல்லோரும் மாலி என்றுதான் கூப்பிடுவோம். சாலவாக்கத்துப் பக்கத்து ஆள், விவசாயக் கூலிக் குடும்பம். வாலிபத்தில் தினக்கூலியாகச் சேர்ந்தவர், தலை நரைத்த பிறகும் தினக்கூலிதான். வேலை நிரந்தரமாவதற்கு வயது வரம்பு உண்டு. அது அந்த ஆண்டோடு அவருக்கு முடிகிறது. தோட்டத்தின் கண்காணிப்பாளர் என் எதிரிலேயே அவரிடம் சொன்னார்: "ஆனி மாசம் திறப்பு விழா. மேலேயிருந்து அதிகாரிங்க வராங்க. அன்னைக்குப் பெரணியெல்லாம் பச்சையா நின்னா, அவங்க கையாலேயே உன் ஆர்டரைக் கொடுக்க வெக்கிறேன்." மாலி அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டையே செடிகளின் நடுவில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார். மலையிலிருந்து வந்த தாய்ச்செடிகளின் இலைக்கு அடியிலிருந்த தூளை உதிர்த்து, ஈரச் செங்கல்லில் தூவி, அவர் ஒவ்வொன்றாக முளைக்கவைத்த செடிகள் அவை. பழைய கூடத்தை இடித்த பிறகு மாமரத்தடியில் ஒதுங்கியிருந்தன.

அந்தக் கோடையில் ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. தோட்டத்துக்கு இருந்தது ஒரே கிணறு. மோட்டார் ஓடுகிற அளவுக்கு மின்சாரம் வருவது கொஞ்ச நேரம்தான், அதற்குள் கிணறும் அடி தட்டிவிடும். தளம் போட்ட மறுநாளே ஓவர்சியர் அதன்மேல் சிமெண்ட் கலவையால் சின்னச் சின்ன வரப்பு எழுப்பி, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டச் சொன்னார். புதுக் கான்கிரீட் வெயிலில் காய்ந்தால் வெடித்துவிடும். வாரக்கணக்கில் அது தண்ணீரிலேயே கிடக்க வேண்டும். கட்டட வேலையில் இது சாதாரணம். அதுவரைக்கும் கிணற்றுத் தண்ணீர் முழுவதும் தளத்துக்கே என்று அவர் உத்தரவு போட்டார். கண்காணிப்பாளரும் தலையசைத்துவிட்டார்.

மாலி கொட்டகைக்கு வந்து நின்றார். "நாலு கொடம் குடுங்க சார். செடிங்க தல தொங்கிப் போச்சி."

"குடுக்கலாம்," என்றார் ஓவர்சியர். "தளம் வெடிச்சா நீ வந்து நாக்கால நக்கி ஒட்டுவியா நைனா?"

ஆட்கள் சிரித்தார்கள். மாலியும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

இரண்டு நாள் கழித்து அவர் மறுபடி வந்தார். இந்த முறை முகத்தில் ஒரு தெளிவு. தளத்தில் கட்டிநின்ற தண்ணீரைச் சாரத்தின்மேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பயிருக்குப் பாத்தி கட்டிப் பாய்ச்சியே வளர்ந்த மனிதருக்கு, பாத்தியில் நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் வேறென்ன தோன்றும்?

"சார், மேல நிக்கிற தண்ணில தொட்டிங்கள வெச்சிக்கட்டுமா? ஒங்களுக்குத் தண்ணி ஒண்ணும் கொறயாது சார். தொட்டிக்கு அடியில ஓட்ட கீது, வேணுங்கறத அதுவா இஸ்துக்கும். வெயிலுக்கு நான் கீத்து போட்டுக்கறேன்."

ஓவர்சியர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நன்றாக மென்று, துப்பிவிட்டு வந்தார். "நடுவுல வெக்காத. பாரம் தாங்காது. ஓரமா, செவுத்து மேல வர்றா மாதிரி வெய்யி."

"செடிக்கு ஒண்ணும் ஆவாதில்ல சார்?" என்று மாலி கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றும் யோசிக்கிறேன். மாலி கேட்கவில்லை. தண்ணீர் என்றால் தண்ணீர்தானே. இரண்டு கையையும் கூப்பிவிட்டு ஓடினார். அவரும் அவர் மனைவியும் சாய்வுப் பலகை வழியாக ஒவ்வொரு தொட்டியையும் இடுப்பில் ஏந்தி மேலே கொண்டுபோனார்கள். மறுநாள் காலை ஓவர்சியர் மேசையில் ஒரு குலை நுங்கு இருந்தது. மாலி தானே சீவி, ஒவ்வொரு கண்ணாகத் தோண்டிப் பனையோலையில் வைத்துக் கொடுத்தார். ஓவர்சியர் எல்லாவற்றையும் சாப்பிட்டார். நன்றாக இருக்கிறது என்றும் சொன்னார்.

முதல் சில நாட்கள் பெரணிகள் நிமிர்ந்தன. அதைப் பார்த்துத்தான் கண்டக்டரின் கேலியெல்லாம். பிறகு இலை நுனிகள் பழுத்தன, பழுத்தது கருகியது. தொட்டிகளின் அடியில் வெள்ளையாக ஒரு படிவு ஏறியது. மாலி வெயில் என்று நினைத்துக் கீற்றை இரட்டிப்பாக்கினார். அதுவும் போதாமல், தகர டப்பாவால் அந்தத் தண்ணீரையே மொண்டு செடிகளின் தலையிலும் ஊற்றினார். ஓவர்சியர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா ஊத்து நைனா. கஞ்சத்தனம் பண்ணாத," என்றார். மாலி மேலிருந்து, "சரி சார்," என்றார்.

தளத்தில் தண்ணீர் வற்றவிட்டபோது உயிரோடு ஒரு பெரணியும் இல்லை. கண்காணிப்பாளர் விசாரித்தார். விசாரணை என்று பெரிதாக ஒன்றுமில்லை, மாமரத்தடியில் நின்றபடி நடந்தது.

"செடியை மேல ஏத்தினது யாரு?"

"நான்தான் சார். ஓவர்சியர் சார் வெச்சிக்கோன்னாரு."

ஓவர்சியர் மென்மையாகக் குறுக்கிட்டார். "கேட்டான், வெச்சிக்கோன்னேன் சார். செடி அவன் டிபார்ட்மெண்ட். எனக்கு செடியப் பத்தி இன்னா தெரியும்?"

தண்ணீரை நிறுத்தியது யார் என்ற கேள்வி எழவே இல்லை. இப்போது அதற்கு அவசியமும் இருக்கவில்லை. செடிகள் மாமரத்தடியில் காய்ந்து செத்திருந்தால், அந்தக் கேள்விக்கு ஓவர்சியரும் கண்காணிப்பாளரும் சேர்ந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். மாலியை அன்றோடு நிறுத்திவிட்டார்கள்.

ஆனியில் திறப்பு விழா நடந்தது. காஞ்சிபுரத்து நர்சரி ஒன்றிலிருந்து லாரியில் குரோட்டன்ஸ் தொட்டிகள் வாடகைக்கு வந்தன. இறக்க ஆள் போதவில்லை. ஓவர்சியர் ஆள் அனுப்பி மாலியை வரவழைத்தார். மாலி வந்தார். ஒருவேளை மனம் மாறிவிட்டார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். தொட்டிகளைச் சுமந்து உள்ளே வைத்தார். ஒவ்வொன்றையும் திருப்பி, நல்ல பக்கம் வாசலைப் பார்க்கும்படி நிறுத்தினார். அப்போது நர்சரிக்காரரோடு நின்று பேசிக்கொண்டிருந்த ஓவர்சியர் மாலியைக் காட்டிச் சிரித்தார்.

"இவரு யாரு தெரியுமா? சிமெண்டுத் தண்ணில பெரணி வளத்த ஆளு. தளத்துல கட்டுற தண்ணி பூரா சுண்ணாம்பு. கைய வெச்சாலே தோலு உரியும். அதுல தொட்டிய வெச்சதும் இல்லாம தலைக்கு வேற ஊத்தினான்."

நர்சரிக்காரர் சிரித்தார். அதுவரை எனக்கும் அது தெரியாது. மாலி கையிலிருந்த தொட்டியைக் கீழே வைத்தார். தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். சித்திரையில் அவை உரிந்து வெடித்திருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம், வெயில் காலம் என்று விட்டுவிட்டோம்.

"அன்னிக்கே சொல்லி இருக்கலாமே சார்," என்றார். கோபமாகக்கூட இல்லை.

"நீ எங்க கேட்ட? வெச்சிக்கட்டுமான்னுதான கேட்ட." ஓவர்சியர் லாரியைப் பார்த்தார். "இன்னும் எறக்க வேண்டியது கீது பாரு. சீக்கிரம்."

மாலி போய் மிச்சத் தொட்டிகளையும் இறக்கினார். கண்காணிப்பாளரிடம் அன்று மாலையே நான் இதைச் சொன்னேன். அவர் விழாவில் போட்ட மாலையைக் கழற்றி மேசைமேல் வைத்துக்கொண்டே, "கட்டடம் நல்லா வந்திருக்கில்ல?" என்றார்.

நன்றாகத்தான் வந்திருந்தது. ஓவர்சியர் நல்ல பெயரோடு ஓய்வு பெற்றார். மாலி பாலாற்றில் மணல் அள்ளப் போனதாகக் கேள்விப்பட்டேன், அதற்கு மேல் விசாரித்தும் தெரியவில்லை. போன ஐப்பசியில், அடைமழையின்போது, அந்தத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். காட்சிக்கூடத்தில் உர மூட்டைகளும் கால் உடைந்த நாற்காலிகளும் கிடந்தன. எண்பதுகளில் பக்கத்தில் எழும்பிய கட்டடங்களெல்லாம் ஒழுகின, வாளி வைத்திருந்தார்கள். நான் காட்சிக்கூடத்துக்குள் நின்று வெகுநேரம் அண்ணாந்து பார்த்தேன். எங்கும் ஈரத்தின் தடம் இல்லை. வேண்டிய மட்டும் தண்ணீர் குடித்த தளம் அது.