கார்பரேட்டர் மாப்பிள்ளை

என் வீட்டுக்காரருக்கு ராயபுரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு. கார்பரேட்டர். வைத்தது என் பிறந்த வீட்டு ஆட்கள். கல்யாணம், ஞானஸ்நானம், புதுநன்மை என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் பந்தியில் யாராவது ஒருத்தர் என் காதில் விழும்படி, "இன்னா, கார்பரேட்டர் வர்லியா?" என்பார். பக்கத்தில் இருக்கிறவர் சிரிப்பை மறைக்க பிரியாணி எலும்பைக் கடிப்பார். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தச் சிரிப்பையும் சேர்த்துத்தான் சாப்பிட்டு வந்திருக்கிறேன். சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு கார்பரேட்டர் என்றால் என்னவென்றே தெரியாது.

எனக்குத் தெரியும். பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான் அது. அதை என் கையால் துலக்கியிருக்கிறேன்.

கார் என் அப்பாவுடையது. அவரை நாங்கள் நைனா என்போம். ஹார்பரில் கிரேன் ஓட்டினார். வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச காலத்தில், ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரிடம் அந்த இங்கிலீஷ் காரை வாங்கினார். அம்பாசடருக்கும் மூத்த வண்டி, உருண்டை மூக்கு. எங்கள் தெருவில் ஒழுங்கான சைக்கிள்கூட இல்லாத காலம். எங்கள் சர்ச் பங்கில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மணப்பெண் நைனாவின் காரில்தான் கோவிலுக்கு வந்து இறங்குவாள். பெண்ணைப் பார்க்கிறார்களோ இல்லையோ, ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் நைனாவைப் பார்ப்பார்கள். அதற்குத்தான் அவர் காரே வைத்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

என் கல்யாணத்துக்கு அந்தக் கார் வரவில்லை. நைனாவும் வரவில்லை. நான் திருவொற்றியூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர், வீடு எம்.கே.பி. நகர் ஹவுசிங் போர்டில். ஒரே பஸ்ஸில் போய்வந்த பழக்கம். எங்கள் வீட்டில் அவர் ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட மாட்டார்கள். "பாலத்துக்கு அந்தப் பக்கம்" என்பார்கள். சாதியைச் சொல்லாமல் சொல்கிற வித்தை அது. எல்லாரும் ஆண்டவரின் பிள்ளைகள் என்று ஞாயிற்றுக்கிழமை ஜெபம் சொல்கிற அதே வாய்தான் இதையும் சொல்லும்.

மகன் பிறந்த பிறகு அம்மா அழுது அடம்பிடித்து எங்களை வீட்டுக்குள் சேர்த்தார். நைனா பேரனைத் தூக்கிக் கொஞ்சுவார், மருமகனிடம் நாலு வார்த்தை பேச மாட்டார். அப்போதுதான் வண்டி இருமத் தொடங்கியது. மேட்டில் ஏறாது, சிக்னலில் நின்றால் அணைந்துபோகும். கோவில் திருவிழா வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. "மாப்ளயாண்ட குடேன், அவரும் மிஷின் வேலதானே செய்றாரு" என்று அம்மா சொன்னார். நைனா ரொம்ப யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஒரு கார்பரேட்டரால் என் குடும்பம் ஒட்டிவிடும் என்று நம்பினேன். பைத்தியக்காரி.

என் வீட்டுக்காரர் வண்டியைப் பார்த்து, கோளாறு கார்பரேட்டரில்தான் என்று அதைக் கழற்றி செய்தித்தாளில் சுற்றி எம்.கே.பி. நகருக்குக் கொண்டுவந்தார். இங்கிலீஷ் வண்டியின் கார்பரேட்டர் மற்றது போல இருக்காது. மேலே பூசை மணி மாதிரி ஒரு அலுமினியக் கூடு, அதன் உச்சியில் பித்தளைத் திருகு. காசிமேட்டு உப்புக்காற்றில் கிடந்து கிடந்து கூடு கறுத்து, அங்கங்கே வெள்ளையாகப் பூத்திருந்தது. அவர் உள்பக்கத்தை கெரசினில் கழுவி, மல்துணியால் ஒற்றி எடுத்தார். கூட்டுக்குள் ஏறி இறங்குகிற பிஸ்டனை விரலால் தூக்கிவிட்டார். டக் என்று விழுந்தது. "இந்த சத்தம் வந்தா உடம்பு நல்லா கீதுன்னு அர்த்தம்" என்றார். என் தையல் மிஷின் எண்ணெயிலிருந்து அதற்கும் கொஞ்சம் ஊற்றினார்.

வெளிப்பக்கம் என் பொறுப்பு. பித்தளைக்குப் புளி, அலுமினியத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற பவுடர். கல்யாணத்துக்கு முன் வருஷா வருஷம் திருவிழாவுக்குப் பீடத்து மெழுகுதிரித் தண்டுகளைத் துலக்கின கை இது. அந்த மணியில் என் முகம் தெரிகிற வரைக்கும் தேய்த்தேன். நைனா பார்த்ததும் அசந்துபோவார் என்று நினைத்தேன்.

நைனா பார்த்தார். கையில் வாங்கவே இல்லை. "இது என்னுது இல்ல" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என்னுது கறுப்பா கீது. இது பளபளன்னு கீது. என்னுத வித்துட்டு டூப்ளிகேட் கொணாந்துகீறே. எந்தக் காயலான் கடையில போட்டே?"

நான்தான் துலக்கினேன் என்றேன், புளி போட்டேன் என்றேன், பிள்ளை தலைமேல் சத்தியம் பண்ணினேன். "நீ அவன் பொண்டாட்டி. நீ வேற இன்னா சொல்லுவே?" என்றார். மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை வீறிட ஆரம்பித்ததும் அவனை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் வீட்டுக்காரர் கார்பரேட்டரை வண்டியில் மாட்டி முடித்திருந்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே முறையில் பிடித்து, இருமல் இல்லாமல் ஓடியது. நைனா கையை நீட்டி அணைத்துவிட்டு, "திருட்டு சாமான் சோக்காத்தான் ஓடும்" என்றார்.

ஷெட்டைப் பூட்டினார். டூப்ளிகேட் போட்ட வண்டியைத் தொட மாட்டேன் என்று ஷெட்டுச் சாவியைக் கழுத்தில் கிடக்கும் உத்தரியம் என்கிற ஜெபக் கயிற்றோடு கோர்த்துக்கொண்டார். திருவிழாவுக்குக் கார் வரவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கதை சொன்னார். பட்டப்பெயர் அப்படித்தான் பிறந்தது.

என் வீட்டுக்காரர் அதன்பிறகு அந்த வாசற்படி ஏறவில்லை. அம்மா இறந்தபோது ஷாமியானாவுக்கு வெளியே, தெருவில் ஐஸ் பெட்டி இறக்கின வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். யாராவது உள்ளே வா என்று கூப்பிடுவார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்லறை வரைக்கும் நடந்து வந்து மண் போட்டுவிட்டு அப்படியே பஸ் ஏறிப் போனார். நான் மட்டும் மாசத்துக்கு ஒரு தரம் நைனாவைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தேன். நைனா கெட்டவர் இல்லை, தெரியாமல் தப்பாக முடிவு கட்டிவிட்டார், ஒருநாள் தெரிய வரும் என்பதுதான் எனக்கு நான் சொல்லிக்கொண்ட சமாதானம்.

இந்த வருஷம் தம்பி போன் பண்ணினான். கண்டெய்னர் லாரி வைத்து ஓட்டுகிறவன், நைனாவோடு இருக்கிறான். பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றில் நைனாவின் வண்டியை விட வேண்டுமாம். எந்தெந்த பார்ட்ஸ் அசல், எது மாற்றினது என்று பார்த்து மார்க் போடுவார்களாம். அதற்கு முன்னால் நைனாவிடம் சாவியைக் கேட்டு வாங்கி, விவரம் தெரிந்த ஒருத்தரை அழைத்துக் காட்டப் போகிறான். "நீயும் வாக்கா. எது எப்போ மாத்தினதுன்னு உனக்குத்தான் நெனப்பு இருக்கும்" என்றான். அவன் எதைக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியாதா? போனேன். முப்பது வருஷமாகக் காத்திருந்த பதில் அந்த ஷெட்டுக்குள் இருந்தது.

வந்தவர் டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போல ஒரு குட்டிக் கண்ணாடியும் கொண்டுவந்திருந்தார். தம்பி நைனாவின் அலமாரியிலிருந்து வண்டியோடு வந்த பழைய இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துக்கொடுத்தான். அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லிக்கொண்டே போனார். ரேடியேட்டர் அம்பாசடருடையது. டைனமோ வேறு வண்டியுடையது. டிஸ்ட்ரிபியூட்டர் எதனுடையது என்றே தெரியவில்லை. ஏர் ஃபில்டர், யாரோ டிங்கர் தகரத்தில் அடித்தது. சொல்லச் சொல்ல தம்பியின் முகம் தொங்கிக்கொண்டே போனது. எல்லாம் நைனா மாற்றியவை. நைனா மாற்றியதால் எங்கள் வீட்டில் இத்தனை வருஷமும் அவையெல்லாம் ஒரிஜினல்.

கார்பரேட்டர் பக்கம் டார்ச் திரும்பியதும் தம்பி முந்திக்கொண்டான். "அத வுடுங்க சார். அது டூப்ளிகேட்டு, எங்களுக்கே தெரியும். அது ஒரு பெரிய கதை" என்று சிரித்தான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

அவர் காது கொடுக்கவில்லை. கூட்டின் மேல் தூசியும் உப்பும் கெட்டியாகப் படிந்து, பழையபடி கறுத்துப் போயிருந்தது. பக்கத்து மூடியின் திருகைச் சுற்றி இறுகிக்கிடந்த பிசுக்கைச் சுரண்டினார். நகம் அளவில் ஒரு தகடு தெரிந்தது. அதன்மேல் எழுத்து. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார், இன்னொரு தரமும் பார்த்தார்.

"இதாங்க கரெக்ட். இந்த வண்டி செஞ்ச வருஷத்துக்கு மட்டும் வந்த நம்பர். இந்தக் கூடும் உள்ளே இருக்கிற பிஸ்டனும் ஜோடியாவே செஞ்சது, பிரிச்சு மாத்தினா ஒத்து வராது. இவ்வளவு பெரிய எஞ்சின்ல கை வைக்காம நிக்கிறது இது ஒண்ணுதான்."

பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தார். அது பிசுக்கில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. நிதானமான கை ஒன்று கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், அவசரப்பட்டால் ஜோடி கெட்டுவிடும் என்று தம்பியை எச்சரித்தார். தம்பி மார்க் கணக்கு கேட்டுக்கொண்டிருந்தான். நான் நைனாவிடம் போனேன்.

தொண்ணூறை நெருங்கினாலும் நைனாவுக்குக் காது நன்றாகக் கேட்கும். ஜன்னலோரம் கட்டிலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"நைனா, அது ஒரிஜினல்தானாம். அவர் மாத்தவே இல்லியாம்."

பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். "அப்போ பயந்துபூட்டு திரும்பக் கொணாந்து மாட்டிட்டிருப்பான்" என்றார்.

"எப்டி நைனா? அன்னிலேர்ந்து ஷெட்டு பூட்டித்தானே கெடந்துது? சாவி உன் கழுத்துலதானே இருந்துது?"

"பூட்டு இன்னாம்மா பூட்டு. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்குப் பூட்டு ஒரு விசயமா?"

"என் புள்ளயும் அந்தப் பக்கந்தான் நைனா."

அது மட்டும் அவர் காதில் விழவில்லை. பேப்பரைத் தூக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. அந்தப் பேப்பரைப் பிடுங்கிச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் என் வீட்டுக்காரர் பக்கத்து வீட்டு மிக்சியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் நைனா சொன்னதை மறைத்து, நல்ல சேதியை மட்டும் சொன்னேன். ஒரிஜினல்தான் என்று சொல்லிவிட்டார்கள் என்றேன். அவர் துள்ளிக் குதிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"மூடி மேல ஒரு தகடு இருக்குமே, அத்தப் பார்த்தா சொன்னாரு?"

"அது உனக்கெப்டி தெரியும்?"

"நாந்தானே அத்தத் தொடச்சித் திருப்பி மாட்டினேன். அன்னிக்கே உங்க நைனாவாண்ட காட்டினேன். நீ புள்ளய இட்டுகினு உள்ள போயிருந்தே."

தரையில் உட்கார்ந்தேன். "காட்டினியா? பார்த்தாரா?"

"பார்க்காம? அலமாரியிலேர்ந்து புக்க எடுத்தாந்து, கண்ணாடி போட்டுகினு, நம்பர நம்பரா ஒத்துப் பார்த்தாரு. அப்பால புக்க மூடிட்டு, 'நம்பர் சரியாத்தான் கீது. ஆளுதான் சரியில்ல'ன்னாரு."

இவ்வளவு காலம் இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெரியாம சொல்ட்டாருன்னு நீ நெனச்சிகினு இருந்தே. மாசாமாசம் அப்பனப் பார்க்கப் போற பொண்ணுக்கு அதாவது இருக்கட்டுமேன்னு வுட்டுட்டேன்."

அவர் மறுபடி மிக்சிக்குத் திரும்பினார். நைனாவின் மேல் வந்த கோபத்தைவிட, இந்த மனுஷன் ஊரெல்லாம் திருடன் என்று சிரிக்கும்போது எனக்காக வாயை மூடிக்கொண்டிருந்தாரே என்கிற கோபம்தான் எனக்குத் தாங்க முடியாமல் வந்தது. நான் எந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வந்தேனோ, அதை இவர் தன் பெயரைக் கொடுத்து எனக்கு வாங்கித் தந்திருக்கிறார்.

போன் அடித்தது. தம்பி. குரலில் குழைவு.

"அக்கா, அந்த கார்பரேட்டர யாரும் தொட பயப்படுறாங்க. மாமா இன்னொரு தபா கிளீன் பண்ணித் தருவாரான்னு கேளேன். அவர் கைக்குத்தான் அது பழக்கம்."

மாமா. அவன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. என் வீட்டுக்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொண்டுவரச் சொல்லு என்று தலையை ஆட்டினார். அவருக்கு மிஷின்மேல் கோபம் கிடையாது.

"வேணாண்டா" என்றேன் போனில். "இப்பத்தான் அது நல்லா கறுத்துப்போயி நைனாவோடதா ஆகிகீது. அப்படியே இருக்கட்டும். தொடச்சா மறுபடியும் திருட்டு சாமானாயிடும்."