மஞ்சள் துண்டுத் தாலிக்கு ஒரு சாட்சி

"ரெண்டு பேரும் மணமாகாதவர் எண்டுதானே எழுதுறது?" என்று பதிவாளர் கேட்டார். அத்தான் யோசிக்காமல் "ஓம், எழுதுங்கோ" என்றுவிட்டார்.

அக்கா எட்டி அவருடைய பேனையைப் பிடித்துவிட்டாள். "நான் கட்டாதவளெண்டா இதுகள் ரெண்டும் ஆர் பெத்த பிள்ளையள்?"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நாங்கள் தமிழ்நாட்டு முகாமிலிருந்து மன்னாருக்குத் திரும்பிய புதிது. பள்ளிக்கூடத்தில் இரண்டு நாள் அரசாங்க நடமாடும் சேவை, விவாகப் பதிவும் உண்டு என்று ஒலிபெருக்கியில் கேட்டதும் நான்தான் எல்லாரையும் இழுத்துக்கொண்டு போயிருந்தேன். அக்காவுக்கு முகாமிலேயே தாலி ஏறிவிட்டது. பதிவுதான் இல்லை.

"சும்மா ஒரு எழுத்துத்தானே, கத்தாதையும்" என்றார் அத்தான்.

"உங்களுக்கு எழுத்து. நாளைக்கு மகளைப் பொம்பிளை பாக்க வாறவன், பிள்ளை பிறந்தாப் பிறகோ தாய் கட்டினவ எண்டு கேப்பான்."

"இண்டைக்குப் பதிஞ்சா இண்டைக்குத்தானம்மா கலியாணம்" என்றார் பதிவாளர். அப்படியென்றால் பதிய மாட்டேன் என்று அக்கா பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

பக்கத்து மேசையில் இலவச சட்ட ஆலோசனை. ஓடினேன். இளம் சட்டத்தரணி, ஆறுதலாகச் சொன்னா: இந்து முறைப்படி சடங்கு செய்து கட்டியிருந்தால், பதியாவிட்டாலும் அந்தக் கலியாணம் சட்டப்படி செல்லும். பதிவு என்பது அதற்கு நல்ல அத்தாட்சி, அவ்வளவுதான். சடங்கைக் கண்ணால் கண்ட ஒருவர் சத்தியம் செய்து கையெழுத்து வைத்துச் சத்தியக்கடதாசி தந்தால், கலியாணம் அன்றைக்கே நடந்தது என்று அரசாங்கக் கந்தோர்களில் காட்டலாம்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய விஷயம்!

"சரி, என்ன சடங்கு நடந்தது?" என்று கேட்டா.

நான் அப்போது சின்னன். எனக்கு ஞாபகமிருந்தது பாயாசம் மட்டும். அம்மாவும் அப்பாவும் இன்னும் முகாமில். பிறகு யார் கண்டது? "வங்காலை அக்கா!" என்று கத்தினேன். முகாமில் எங்களுக்குப் பக்கத்து அறை. எங்களுக்கு முதலே ஊர் திரும்பிவிட்டவ.

அடுத்த நாள் விடிய இரவல் மோட்டார் சைக்கிளில் மன்னார்ப் பாலம் கடந்து வங்காலைக்குப் பறந்தேன். விஷயத்தைச் சொல்லி முடிக்க முதல் அவ செருப்பைப் போட்டுவிட்டா.

கழுத்தில் செபமாலையோடு சட்டத்தரணிக்கு முன்னால் கதிரையில் நிமிர்ந்து இருந்தா. "ஐயர் வரேல்ல. முகாம் பிள்ளையாருக்குப் பூசை செய்யிறவர்தான் மந்திரம் சொன்னவர். இவர் கூறைச் சேலை குடுத்தார், தாலி கட்டினார், ரெண்டு பேரும் மாலை மாத்தினவை. பின்னாலை விளக்குப் பிடிச்சது நான். காத்துக்கு அணையப் பாத்துது, முந்தானையாலை மறைச்சனான்."

"தாலி?"

அத்தான் நிலத்தைப் பார்த்தார். "பவுணில்லை. மஞ்சள் கயித்திலை மஞ்சள் துண்டு."

அது செல்லாதென்றால்?

சட்டத்தரணி எழுதிக்கொண்டே சொன்னா: "சட்டம் பவுண் கேக்கிறேல்ல. அதுக்குப் பிறகு சனம் இவையைப் புருசன் பெண்சாதியா ஏற்றுக்கொண்டதோ?"

"ஏற்றதோ! அண்டைக்குப் பின்னேரமே இவர் சொதியிலை உப்பில்லையெண்டு சண்டை பிடிச்சவர். பிறகென்ன சாட்சி வேணும் மிஸ்?"

பதிவாளர் கூடச் சிரித்துவிட்டார்.

எழுதியதைச் சட்டத்தரணி வாசித்தா. 'இந்து முறைப்படி மணம் முடித்து' என்ற இடம் வந்ததும், "அதை இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள் அக்கா. வாசித்தா. மகளை இழுத்து மடியில் இருத்திக்கொண்டாள்.

வெளியே வந்ததும் அத்தானுக்கு வாய் திறந்தது. "கேட்டீரே? சட்டமே பவுண் கேக்கிறேல்லையாம்."

"சட்டம் கேக்காது" என்றாள் அக்கா. "நான் கேப்பன்."