ஸ்கோப்புக்குள் எரிந்த சிவப்பு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கிறேன், சூளை முன்னால் நின்றே பாதி வயது போய்விட்டது, ஒரு நாளும் எதையும் கண்டதில்லை.

என் மனைவியின் தம்பி அன்வர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது என் ஏர்கன் துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்க ஒரு ஸ்கோப் கொண்டுவந்தான். பகலில் குறிபார்க்க அதற்குள் இருக்கும் கறுப்புக் கோடே போதும். பொழுது சாய்ந்தால் கோடு இருட்டோடு கலந்துவிடும், அப்போது பக்கத்துக் குமிழைத் திருகினால் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி எரியும். மங்கின நேரத்தில் அதைக் குறைத்துத்தான் வைக்க வேண்டும், கூட்டினால் கண் கூசி எதிரில் இருப்பது தெரியாது என்று அன்வர் படித்துப் படித்துச் சொன்னான். நான் கேட்டால்தானே?

பட்டறைக்குப் பின்னால் பெருச்சாளித் தொல்லை. சுட்டுப் பழக, சூளையில் விரிசல் விட்ட வெள்ளைப் பொம்மைகளைக் கழுத்தளவுச் சுவர் மேல் வைப்போம். ஆள் தலை அளவு இருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் வீட்டுப் பாதை. யார் வரப்போகிறார்கள் என்ற தெனாவெட்டு. அன்று அந்தி நேர மஃரிப் தொழுகைக்குக்கூடப் போகாமல் துப்பாக்கியோடு நின்றேன். சிவப்பை முழுசாகக் கூட்டினேன். சுவர் மேல் வெள்ளையாக ஒரு தலை. மூச்சைப் பிடித்து விசையில் விரலை வைத்தேன், சிவப்பு பட்டென்று அணைந்துவிட்டது.

எரிச்சலோடு உற்றுப் பார்த்தேன். கண் பழகப் பழக, அந்தப் பொம்மை கண் சிமிட்டியது. என் மனைவி! தொழுகைக்குத் தலையில் போட்ட வெள்ளைத் துப்பட்டியைக்கூட எடுக்காமல் வந்து நிற்கிறாள். துப்பாக்கியைச் சட்டென்று கீழே தாழ்த்தினேன்.

"என்னங்க, டீ ஆறுது. வூட்டுக்கு வாங்க," என்றாள்.

"பெருச்சாளி பாக்குறேன், தோ வரேன்," என்று பொய் சொன்னேன்.

உள்ளே போய் அன்வரிடம், "உன் ஸ்கோப்புல லைட்டு அணைஞ்சு போச்சுடா," என்றேன்.

"லைட்டா? என்னா மச்சான், பேட்டரியக் காலையிலயே கழட்டி எடை மிஷினுக்குப் போட்டுட்டேனே," என்று ஸ்கோப்பின் பேட்டரி மூடியைத் திறந்து காட்டினான். காலி.

அப்படியென்றால் எரிந்தது எது, அணைத்தது யார்? கட்டினவள் முகத்துக்கு நேராகத் துப்பாக்கி நீட்டினேன் என்று இன்றுவரை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. வெட்கக்கேடு. ஸ்கோப்பை அன்வரே திரும்ப எடுத்துப் போய்விட்டான். ஆனால் இப்போதும் அவள் தொழுது முடித்து அந்தத் துப்பட்டியோடு என் பக்கம் திரும்பும்போதெல்லாம், சத்தியமாகச் சொல்கிறேன், புருவத்துக்கு நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி எரிகிறது. நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

"ஏங்க, எம் மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்குறீங்க?" என்று நேற்றும் கேட்டாள்.